அரிதாரம் உரைத்த கல்

சேரன்மகாதேவி மருந்துச்சாலையில் என் மேசையின் வலது ஓரத்தில் ஓர் உரைகல் இருக்கிறது. சாண் நீளம், மூன்று விரல் அகலம், நல்ல கருப்பு. ஒரு விளிம்பு மட்டும் பல வருஷத் தேய்ப்பில் உருண்டு போயிருக்கிறது. நடுவில் நீளவாக்கில் ஒரு மஞ்சள் கோடு. எத்தனை தரம் கழுவினாலும் கல்லின் நுண்ணிய குழிகளை விட்டுப் போகாத மஞ்சள். தங்கம் உரைத்த தடம் என்று நினைத்துத் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. அது அரிதாரம், தோல் கிடங்கில் ஆட்டுத் தோலிலிருந்து மயிர் நீக்கப் பயன்படும் விஷக்கல் என்று சொன்னதும் விரலை எடுத்துப் புடைவையில் துடைத்துக்கொள்வார்கள்.

போன வாரம் ஒரு சம்சாரி, பக்கத்து ஊர் விவசாயி, வந்தார். வயலில் கிணற்றை ஆழப்படுத்தும்போது பாறைக்குள்ளிருந்து கிடைத்தது என்று எலுமிச்சம்பழம் அளவுள்ள ஒரு கல்லை என் முன் வைத்தார். பித்தளை நிறம், பளபளப்பு, சதுரம் சதுரமான முகங்கள். "தங்கம் இல்லன்னு எனக்குத் தெரியும் தாயி. வீட்டுல நம்ப மாட்டேங்கா. இன்னும் நாலடி தோண்டுங்கா. இது தங்கம் இல்லன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க, கொண்டுபோய்க் காட்டுதேன்" என்றார். கல்லைப் பார்த்தவுடன் எனக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. பேனாவை எடுத்தேன். மையைத் தொடும்போது கண் உரைகல்லின் மேல் விழுந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இப்படி ஒரு சீட்டை நான் ஏற்கெனவே ஒரு தரம் எழுதியிருக்கிறேன்.

அது யுத்தத்துக்குச் சில வருஷம் முந்திய கதை. மதராஸில் கம்பவுண்டர் படிப்பை முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் எனக்கு மனம் நிலைகொள்ளாது. சீசாக்களுக்கு எண், அலமாரித் தட்டுகளுக்கு எண். வீட்டில் அம்மா என்னைச் சந்தைக்கு அனுப்பினால் காய்கறிக்கும் எண் போட்டுக்கொண்டு போவேன். மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி வண்டியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போய், சொறிக் களிம்புக்கு வேண்டிய கந்தகமும் வேறு சில்லறைச் சரக்கும் வாங்கி வருவது என் பொறுப்பு. ரத வீதியை ஒட்டிய சந்தில் இருந்த அந்த நாட்டு மருந்துக் கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விஷக்கல் எதுவானாலும் அண்ணாச்சி அதைச் சும்மா பொட்டலம் கட்டித் தரமாட்டார். முதலில் கல்லை உரைகல்லில் ஓர் இழு இழுத்து, கோட்டை வாங்குகிறவர் கண்ணுக்கு நேரே பிடிப்பார். வாங்குகிறவர் கல்லின் பெயரையும், எதற்காக வாங்குகிறார் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி அதைத் தெருவுக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்வார். அதன் பிறகுதான் தராசு. அரிதாரத்தைச் சுண்ணாம்போடு குழைத்துத் தங்கள் உடம்பு மயிரை நீக்கிக்கொள்கிற ஆண்கள் குரலைத் தாழ்த்தி அரைப் பலம் கேட்டு நிற்பார்கள். "பைய சொன்னா எனக்குக் கேக்காது வே. ஆட்டுத் தோலுக்கா, ஆளு தோலுக்கா?" என்பார் அண்ணாச்சி. சந்து முழுக்கச் சிரிக்கும். வாங்கியவரும் சிரித்துக்கொண்டுதான் போவார். யார் எந்த விஷத்தை எதற்கு வாங்கினார் என்பது பத்துப் பேருக்குத் தெரிந்திருப்பதே பெரிய காவல் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவருடைய கல் பெட்டியில் ஆறு அறைகள். ஒன்று, அரிதாரம். எலுமிச்சை மஞ்சள், நகத்தால் கீறலாம், ஏடு ஏடாக உரியும். பேட்டைத் தோல் கிடங்குக்கு அது மூட்டையாகப் போகும், வர்ணக்காரர்களுக்குப் பொட்டலமாக. இரண்டு, மனோசிலை. கிட்டத்தட்ட அரிதாரத்தின் உடன்பிறப்பு, ஆனால் சிவப்பு. உரைத்தால் ஆரஞ்சுக் கோடு விழும். வாணம் செய்கிறவர்கள் வாங்குவார்கள். மூன்று, இலிங்கம். குங்குமச் சிவப்பு, கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட இரண்டு பங்கு கனம். வைத்தியர்கள் அதிலிருந்து பாதரசம் வாலைவடிப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்க்கும் சுரமானிக்குள் ஏறி இறங்குவதும் அதே ரசம்தான். நான்கு, பொன்னிமிளை. பித்தளை போல மின்னும், ஆனால் கத்தி முனைக்கு இடம் கொடாது. இரும்பில் அடித்தால் பொறி பறக்கும், கந்தக நெடி வரும். ஐந்தும் ஆறும் கருப்பு. ஒன்றில் சுருமாக்கல், கண்ணுக்கு மை அரைக்க. இன்னொன்றில் குயவர்கள் பானைக்கு மெருகு ஏற்ற வாங்கும் ஈயக்கல்.

இந்த ஆறும் ஒரே குடும்பம் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். ஆறிலும் கந்தகம் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் பொன்னிமிளை, ரசத்தோடு சேர்ந்தால் இலிங்கம், பாஷாணத்தோடு சேர்ந்தால் அரிதாரம். சீமையில் பொன்னிமிளையை மலை மலையாக எரித்து, வருகிற புகையிலிருந்து கந்தகத் திராவகம் எடுக்கிறார்கள். அச்சுக்கூடத்து எழுத்துகள் இந்த இரண்டு கருப்புக் கல்லிலிருந்தும் உருக்கிய உலோகங்களின் கலவை. அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். "அப்ப தகப்பன் ஒருத்தன், தாய்மாரு ஆறு பேரு. நல்ல குடும்பந்தான்" என்றவர், எதிரில் நிற்பது மிஷன் ஆஸ்பத்திரிப் பெண் என்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகையில் வண்டியில் தனியாகச் சிரித்தேன்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு ஜெபக்கூடம் கட்டினார்கள். எதிர்ச் சுவரில் ஒரு வேத வசனத்தைப் பெரிய மஞ்சள் எழுத்தில் எழுதவேண்டும் என்பது ஆஸ்பத்திரியை நடத்திய வெள்ளைக்கார டாக்டரம்மாவின் ஆசை. டவுனில் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் அண்ணாச்சி கடையில் அரிதாரம் வாங்கி, அரைத்து, பத்து நாளில் எழுதி முடித்தார். காலை வெயில் விழுந்தால் எழுத்துகள் சாமந்திப் பூவாகத் தெரியும். பிரதிஷ்டை ஆராதனை நடந்து மாதம் ஒன்று ஆவதற்குள் மஞ்சள் மங்கியது. பிறகு சாம்பல் பூத்தது. பிறகு எழுத்துகளின் ஓரம் எல்லாம் கருகியது போல ஆகிவிட்டது. நோயாளிப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசத் தொடங்கினார்கள். காரணம் கண்டுபிடித்து எழுதித் தரும்படி டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் ஆராய்ச்சி அது. வர்ணக்காரர் விட்டுப்போன சிரட்டையில் காய்ந்து கிடந்த மஞ்சளைச் சுரண்டினேன். வினிகர்த் திராவகத்தில் குலுக்கி வடிகட்டி, பொட்டாஷ் அயோடைடு இரண்டு சொட்டு விட்டேன். பொன்துகள் போல மஞ்சள் படிந்தது. ஈயத்தின் அடையாளம் அது. அரிதாரத்தில் ஈயம் இருக்கக் காரணமே இல்லை. மஞ்சள் நிற ஈயச்சரக்கான மிருதார்சிங்கி அதே கடையில் மலிவாகக் கிடைக்கும். என் மனம் இரண்டையும் சேர்த்துக் கணக்கை முடித்துவிட்டது. நான்கு வரிகளில், எண் போட்டு, நல்ல கையெழுத்தில் எழுதினேன். மூன்றாவது வரி: கடையில் வாங்கிய அரிதாரத்தில் ஈயம் கலந்திருக்கிறது. டாக்டரம்மா பாராட்டினார். சீட்டு அவருடைய மேசைமேல் கண்ணாடிக் குண்டின் அடியில் கிடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கித் தருவது பற்றிப் பேச வந்த பேட்டைத் தோல் கிடங்கு முதலாளி அதைப் பார்த்தார். ஈயம் கலந்த சரக்கைச் சுண்ணாம்போடு குழைத்தால் தோல் கருத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா?

மறுநாளே கிடங்கிலிருந்து மூன்று மூட்டை அரிதாரம் மாட்டு வண்டியில் வந்து, பட்டப்பகலில் அண்ணாச்சி கடை வாசலில் இறங்கியது. இது எதுவும் எனக்குத் தெரியாது. மூட்டைகளை உள்ளே எடுத்து வைக்க அவர் மறுத்துவிட்டார் என்றும், போகிறவன் வருகிறவன் எல்லாம் "கருப்பு அரிதாரம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனான் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். தெருவுக்குக் கேட்கப் பேசியே வியாபாரம் செய்தவருக்கு அந்தத் தெருவே திருப்பிப் பேசியது. அரிதாரம் ஒன்றோடு அது நிற்கவில்லை. வைத்தியர்கள் இலிங்கம் வாங்கவும் வேறு கடையைத் தேடினார்கள்.

நாலாம் நாள் காலை மருந்து வாங்கும் பெண்களின் வரிசை வழக்கம்போல நீண்டிருந்தது. வரிசையின் கடைசியில், நாலு முழம் தள்ளி, அண்ணாச்சி நின்றார். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. முன்னே வரச் சொல்லி ஆயாவை அனுப்பினேன், வரவில்லை. முறை வந்த பிறகுதான் சன்னலண்டை வந்தார். என்ன வியாதி என்று எல்லாரையும் கேட்பது போல வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"எனக்குப் பேருல தான் வியாதி, கம்பவுண்டரம்மா. ஒங்க சீட்டுல வந்தது. மருந்தும் ஒங்ககிட்டதான் இருக்கும்."

பைக்குள்ளிருந்து முஷ்டி அளவு அரிதாரக் கட்டி ஒன்றையும், கடையின் உரைகல்லையும் எடுத்துச் சன்னல் கட்டையில் வைத்தார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. "நீங்க இந்தக் கல்லைப் பாத்தியளா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் சோதித்தது கல்லை அல்ல, சிரட்டையை. சிரட்டைக்குள் கல்லைத் தவிர வேறு என்ன போயிற்று என்று வர்ணக்காரரைக் கேட்கவேண்டும் என்ற வரி என் பட்டியலில் இல்லவே இல்லை. வரிசைப் பெண்கள் நெருக்கியடித்துப் பார்க்க, அங்கேயே கட்டியிலிருந்து ஒரு சிம்பு உடைத்துப் பொடித்து, அதே திராவகத்தில் குலுக்கி, அதே சொட்டை விட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னொரு தரம், இன்னொரு மூலையிலிருந்து எடுத்துச் செய்தேன். தெளிவாகவே இருந்தது.

வர்ணக்காரரை அழைத்து வர வண்டி போயிற்று. அவர் மறைக்கவில்லை, மறைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. வாகனத்துக்கு மஞ்சள் தீட்டும்போது நிறத்தைத் தணிக்கச் சங்கு வெள்ளை சேர்ப்பது அவர்கள் வழக்கம். இந்தத் தரம் டாக்டரம்மா சீமையிலிருந்து வந்த டப்பா வெள்ளையைக் கொடுத்து, இதுதான் நல்ல வெள்ளை என்று சொல்லியிருந்தார். "தொரைசானி குடுத்ததை வேண்டாம்னு சொல்லுவமா தாயி? வெள்ளை எல்லாம் வெள்ளைதானன்னு குழச்சுட்டேன்" என்றார். டப்பா வெள்ளை என்பது ஈயம். ஒரு பீங்கான் கோப்பை உடைந்து அதன் மெருகில்லாத அடிப்பாகம் என்னிடம் இருந்தது. அதில் அண்ணாச்சியின் அரிதாரத்தையும், டப்பா வெள்ளையையும், சுவருக்கு அடித்த ஈரச் சுண்ணாம்பையும் சேர்த்துக் குழைத்துச் சன்னலில் வைத்தேன். சுண்ணாம்பு அரிதாரத்துக் கந்தகத்தை இளக்கியது. இளகிய கந்தகம் ஈயத்தைப் பிடித்தது. பகல் சாப்பாட்டு மணி அடிக்கும்போது மஞ்சள் அழுக்காகியிருந்தது. பொழுது சாயுமுன் கருப்பு. குயவர்கள் வாங்கும் ஈயக்கல் எதுவோ, அதுவேதான் எங்கள் ஜெபக்கூடத்துச் சுவரில் உண்டாகியிருந்தது.

அதுவரை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதை எழுதியே தருகிறேன், எத்தனை பிரதி வேண்டுமானாலும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "தாள் வேண்டாம்மா. தாளுதான் இம்புட்டும் பண்ணுச்சு. நீங்க ஒருநாள் கடையில வந்து இருங்க. கல்லை நீங்க உரைங்க. கேக்குதவங்க கேக்கட்டும்."

பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டுப் பெண் டவுன் கடையில் உட்காருவது அன்றைக்குச் சாதாரணம் இல்லை. அப்பா ஒரு நாள் யோசித்தார். டாக்டரம்மா யோசிக்கவே இல்லை, ஆயாவைத் துணைக்கு அனுப்பினார். ஒரு சனிக்கிழமைக் காலை முழுதும் அண்ணாச்சியின் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மணையில் உட்கார்ந்தேன். பீங்கான் ஓடு, திராவகச் சீசா, ஒரு மெழுகுவர்த்தி. பேட்டைத் தோல் கிடங்கு மேஸ்திரி வந்தார். வைத்தியர் இரண்டு பேர் வந்தார்கள். கருப்பு அரிதாரம் கேட்டவர்களும் வேடிக்கைக்கு வந்தார்கள். வாசல் மூட்டைகள் மூன்றிலும் மேஸ்திரி கையாலேயே எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சோதித்து, ஈயம் இல்லை, நான் எழுதியது தவறு என்று வாய்விட்டுச் சொன்னேன். முதல் தரம் மேஸ்திரிக்கு மட்டும் கேட்டது. மூன்றாம் தரம் தெருவுக்குக் கேட்டது.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆறு அறை இருக்கும்போது ஒன்றோடு நிறுத்த என் குணம் விடாது. மனோசிலை சரி. இலிங்கம் சரி. பொன்னிமிளை சரி. சுருமாக்கல்லை எடுத்தேன். கருப்புக் கற்களை மட்டும் அண்ணாச்சி ஒருபோதும் உரைத்ததில்லை. கருப்பைக் கருப்புக் கல்லில் உரைத்து என்ன தெரியும்? என் வெள்ளை ஓட்டில் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. அதே அறையில் அடுத்து எடுத்த கல்லும் அதே கோடுதான். ஆனால் உரைத்த முனை வேறாக இருந்தது. முதல் கல் ஊசி ஊசியாகப் பிளந்தது. இரண்டாவது குட்டிக் குட்டிப் படிக்கட்டாக உதிர்ந்தது, கையிலும் கனத்தது. மெழுகுவர்த்தியை ஏற்றி இடுக்கியால் பிடித்துக் காட்டினேன். ஊசிக்கல் சுடரில் நெய் போல உருகி முனை வளைந்தது. படிக்கட்டுக் கல் அப்படி உருகவில்லை. குழந்தைகளின் கண்ணுக்கு மை அரைக்கிற அறையில் பாதி ஈயக்கல்.

ஈயம் இல்லை என்று ஊருக்குச் சொல்ல வந்த இடத்தில் ஈயம் என் இடுக்கியில் இருந்தது. சுற்றி நின்ற யாருக்கும் அது தெரியாது. நான் இடுக்கியைத் தாழ்த்தினேன். சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அண்ணாச்சி என் முகத்தையும் மெழுகுவர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, ரெண்டு சாதியா?"

ஆம் என்று தலையசைத்தேன். எதில் எது என்று கேட்டார். மெல்லிய குரலில் சொன்னேன். அவருக்குச் சரக்கு அனுப்பும் மதராஸ் மண்டிக்காரன் கலந்து அனுப்பியிருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்றும் சேர்த்தேன். அவர் எழுந்து நின்றார். அந்த அறையை அப்படியே பெட்டியிலிருந்து உருவி, எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"ஏலே, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. சுருமாக்கல்லுல ஈயக்கல் கலந்து கெடக்கு. நான் பாக்காம வித்துருக்கேன். இந்த மாசம் என்கிட்ட வாங்குனவுக திருப்பிக் கொண்டாந்து குடுங்க. புள்ளைக கண்ணுல போடாதிய."

பேட்டை மேஸ்திரிதான் முதலில் பேசினார். வண்டிக்காரனைக் கூப்பிட்டு, வாசலில் கிடந்த மூன்று மூட்டையையும் கிடங்குக்கே திரும்ப ஏற்றச் சொன்னார். திராவகச் சோதனையைக் கண்டும் ஏற்றாதவர், இந்த அறையைக் கண்டு ஏற்றினார். அதை நான் எந்த எண்ணின் கீழ் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

சுவரையும் சரிசெய்தோம். புண் கழுவ ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துக் கருகிய ஓரங்களில் ஒற்றினால் ஈயத்தின் கருப்பு வெளுக்கும் என்று படித்திருந்தேன். வெளுத்தது. வர்ணக்காரர் சாரத்தின் மேல் உட்கார்ந்து, "சொவத்துக்குக் கட்டும் போடணுமா தாயி?" என்று கேட்டபடி எழுத்து எழுத்தாக ஒற்றினார். பிறகு அரிதாரத்தை விட்டுவிட்டு, மஞ்சள் காவியால் மேலே எழுதினார். சாமந்தியின் பளபளப்பு இல்லை, ஆனால் இன்றும் நிற்கிறது.

அடுத்த மாதம் கந்தகம் வாங்கப் போனபோது அண்ணாச்சி என் பீங்கான் ஓட்டைக் கேட்டார். கொடுத்தேன். பதிலுக்கு உரைகல்லை எடுத்து நீட்டினார், அன்று சன்னல் கட்டையில் வைத்த அதே கல். வேறொன்று வாங்கிவிட்டதாகச் சொன்னார். இப்போது அவருக்குக் கண் பார்வை சற்று மங்கல். தராசு மகனிடம் போய்விட்டது. ஆனால் கருப்புக் கல் கேட்டு யாராவது வந்தால் பட்டப்பகலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கல் உருகுகிறதா என்று வாங்குகிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே சம்சாரியிடம் சீட்டு எழுதமாட்டேன், வீட்டில் இருப்பவர்களையே அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாள் மறுநாள் வந்தார். காதில் பாம்படம், முகத்தில் சந்தேகம். கிணற்றுக் கல்லை அவர் மடியிலேயே கட்டி வைத்திருந்தார். உரைகல்லை அவர் பக்கமாகத் தள்ளி, முதலில் பாம்படத்தின் அடியை மெல்ல உரைக்கச் சொன்னேன். குனிந்து, காதிலிருந்து கழற்றாமலே உரைத்தார். மெல்லிய பொன்கோடு விழுந்தது. பிறகு கிணற்றுக் கல்லை அவர் கையாலேயே உரைத்தார். கல்லில் கீறல் விழுந்தது, பொன் விழவில்லை. இப்போது என்னிடம் இருக்கும் வேறொரு வெள்ளை ஓட்டில் உரைத்ததும் பச்சை கலந்த கருப்புத் தூள். இன்னொரு தரம், இன்னும் அழுத்தி. அதே தூள்தான். பேர் என்ன என்று கேட்டார். சொன்னேன். பொன்னிமிளை என்று வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"இதை வச்சு ஒண்ணுமே செய்ய முடியாதா?" என்றார். சீமையில் எரித்துத் திராவகம் எடுப்பார்கள் என்றேன். அவர் கல்லைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"இங்கன கதவுக்கு முட்டுக் குடுக்கும்" என்று சொல்லி மறுபடியும் மடியில் கட்டிக்கொண்டார். வெளியே நின்ற கணவரிடம், "இன்னும் நாலடி தோண்டும். தண்ணிக்கு" என்பது உள்ளே எனக்குக் கேட்டது.

அவர்கள் போனபின் உரைகல்லைக் கழுவ எடுத்தேன். அரிதாரத்தின் மஞ்சளுக்குப் பக்கத்தில், ஒரு நூல் இடைவெளியில், பாம்படத்தின் மஞ்சள். கழுவாமல் மேசையின் வலது ஓரத்தில் வைத்துவிட்டேன்.